ஏரியில் விட்ட கறுப்பு மீன்

1996 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. காலையில் அப்பா சவரம் செய்துகொண்டார், அம்மா இட்லிக்குச் சட்னி அரைத்தாள், நானும் மாமாவும் மீன் தொட்டியின் தண்ணீரை மாற்றினோம். எங்கள் ஊரப்பாக்கம் வீட்டில் ஞாயிறு என்றால் இந்த வரிசைதான். தொட்டியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மீன்.

மாமா அம்மாவின் தம்பி. மறைமலைநகர் கம்பெனியில் வேலை, எங்களோடு தங்கியிருந்தார். முந்தைய வருடம் தொட்டியை வாங்கி வந்தவரும் அவரே. தங்கமீன்களுக்குக் கொதித்து ஆறிய நீர், சிட்டிகை உப்பு, வேளைக்குத் தீனி என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்தும் தீபாவளிக்குள் எல்லாம் செத்து மிதந்தன. தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று கடைக்காரர் கூடவே கொடுத்த கறுப்பு மீனை யாரும் கவனிக்கவில்லை. எந்த நாட்டு மீன் என்று அவருக்கே தெரியாது. அதுதான் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, திரும்ப இடமில்லாமல் கிடந்தது.

"ஏரில வுட்டுறலாம்க்கா. கொல்றதுக்கும் மனசு வரல," என்றார் மாமா.

அம்மாவுக்கு அது புண்ணியமாகப் பட்டது. எனக்குப் பயம்தான் வந்தது. அவ்வளவு கவனித்தவையே பிழைக்கவில்லையே, அத்தனை பெரிய ஏரியில் இது என்ன ஆகும்?

மாலையில் பக்கெட்டைக் கரையோரம் சாய்த்தோம். மீன் சேற்றில் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு காணவில்லை.

"செத்துப்போச்சா மாமா?"

"பேஜாரு பண்ணாத. அது உன்னவிட உஷாரு."

எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூட விளக்காமல், மாமாவை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். செத்து ஒதுங்கியிருக்கிறதா என்று கரை நெடுகப் பார்த்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா பாப்பா தேடிகினு கீற?" என்றார். சொன்னேன்.

"அந்தக் கறுப்பு மீனா? போன வாரங்கூட ரெண்டு பேரு கொண்டாந்து வுட்டாங்க. எல்லாம் இங்கதான் சுத்திகினு கீது."

நெஞ்சு லேசானது. வீட்டுக்கு ஓடிவந்து, அதற்கு அங்கே துணை இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். இந்தக் கறுப்பு மீன்கள் பெருகி இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளப்போகும் அந்த ஏரியில் ஏற்கெனவே இருந்த கெண்டைகளுக்காகவும், அவற்றை நம்பியிருந்த அந்த வலைக்காரருக்காகவும் பயப்பட வேண்டிய நாள் அதுதான் என்று எனக்குத் தெரியவில்லை.