கட்டைவிரலுக்குப் பணியாத கத்தி

மடக்குக் கத்தி விற்கிறவனிடம் கூர் போதவில்லை என்று யாரும் வந்து நிற்பதில்லை. வருகிற புகாரெல்லாம் திறக்க வரவில்லை என்பதுதான். ராஜபாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி, தாழ்ப்பாள், பைப், பெயின்ட் வாங்கிப் போகிறவர்கள் போனது போனதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று கிடக்கும் மடக்குக் கத்தியை ஆசையாக வாங்கிப் போகிறவர்கள் மட்டும் மறுநாளே நகத்தை உடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். புதுச் செருப்பிடம் கடி வாங்கியவர்களுக்கும், புதுக் குடை விரியாமல் மழையில் நனைந்தவர்களுக்கும் இந்தச் சங்கடம் புரியும். உங்களை நம்பித்தான் சொல்கிறேன்.

சேத்தூர் பஸ்ஸில் வந்த புகார்

புரட்டாசி முதல் சனி கழிந்த திங்கட்கிழமை, கடை திறந்ததும் திறக்காததுமாகப் பேச்சியம்மாள் அக்கா வந்து நின்றார். சேத்தூர்க்காரர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போய், படிக்கட்டு அடிவாரத்தில் கூடையை வைத்துக் கொய்யாப்பழம் நறுக்கி, மிளகாய்ப்பொடி உப்புத் தூவி விற்பவர். முன்பு மில்லில் வேலை பார்த்தபோது இடது கை மிஷினில் சிக்கி, விரல்கள் மடங்காமலே போய்விட்டன. உள்ளங்கையால் பழத்தை அமுக்கிப் பிடிப்பார். ஆனால் அந்தக் கையால் எதையும் கிள்ளி இழுக்க வராது. அதனால்தான் அலகின் ஓரத்தில் கட்டைவிரலால் தள்ளுவதற்குக் குமிழ் வைத்த கத்தியாகப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்திருந்தேன். "ஒத்தக் கையிலேயே திறக்கலாம்க்கா" என்று வியாபாரிக்கே உரிய தாராளத்தோடு சொல்லியும் இருந்தேன்.

அது திறக்கவில்லை. என் முன்னாலேயே கட்டைவிரல் சிவக்கத் தள்ளிக் காட்டினார். அசைவேனா என்றது. திறந்தே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் கூட்டம், போன வருஷம் ஒரு குழந்தை கத்தியில் கை வைக்கப் போய்விட்டது, அதனால்தான் மடக்குக் கத்தியே வாங்கினேன், ஒவ்வொரு பழம் நறுக்கியதும் தொடையில் அமுக்கி மடக்கிவிடுவேன் என்றார். மடக்குவது எளிது, திறப்பதுதான் பாடு. பக்கத்தில் துளசி மாலை விற்கும் செல்விதான் ஒவ்வொரு தடவையும் திறந்து கொடுக்கிறாளாம். "அவளும் மொகம் சுளிக்காமத்தான் திறந்து தாரா அண்ணாச்சி. எனக்குத்தான் மனசு கூசுது. அவ யாவாரத்தை அவ பாக்க வேண்டாமா? வார சனிக்கெழமைக்குள்ள இதை என் ஒரு விரலுக்கு அடங்குற மாதிரி ஆக்கிக் குடுங்க. இல்லைன்னா நான் மலைக்குப் போகல."

பொட்டு வைத்த கத்தி

புதுக் கத்தி முரண்டு பிடிப்பதற்குப் பாதிக் காரணம், கம்பெனியில் துரு பிடிக்காமலிருக்க அப்பி அனுப்புகிற கெட்டிக் கிரீஸ். பேச்சியம்மாள் அக்காவின் கத்தியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்து, மூட்டைச் சணல் அறுக்க என்னிடம் வாங்கிய கத்தியை மேஜையில் டொக்கென்று வைத்தார். "சுத்தமா சீஸ் ஆயிருச்சு, அசையவே மாட்டேங்குது" என்றார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அலகு திரும்புகிற இடத்தில், திருகாணியைச் சுற்றி, சந்தனமும் குங்குமமும் காய்ந்து பாறையாக இறுகியிருந்தன. புது இரும்பு வீட்டுக்கு வந்தால் பொட்டு வைப்பது நம் ஊர் வழக்கம்தான். நானும் வைக்கிறவன்தான். ஆனால் தராசுக்கு வைக்கிற அளவுப் பொட்டை, அதுவும் நல்ல தண்ணீராகக் கரைத்து, சரியாக மூட்டிலேயே வைத்தால் அது உள்ளே இறங்காமல் என்ன செய்யும்? கழுவித் தருகிறேன் என்று வாளியை இழுத்தேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமிக்கு வெச்ச பொட்டைக் கழுவப்படாது அண்ணாச்சி. அது பாட்டுக்கு இருக்கட்டும், கத்தியை மட்டும் திறக்க வெச்சுக் குடுங்க."

ஹவில்தாரின் உடற்பயிற்சி

கிரீஸ் போன பிறகு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகிவிடும். எண்ணெய் விட்டபின் திறந்து மூடி, திறந்து மூடி, அலகும் பிடியும் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. எனக்கோ பொறுமையும் கிடையாது. கொஞ்ச நேரத்திலேயே கட்டைவிரலில் கொப்புளம் வருகிற மாதிரி இருந்தது. ஒரு கை விளங்காத பெண்ணிடம் இதை என்ன வாய்ச்சவடாலோடு விற்றோம் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

அடுத்த தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். போன மாதம் என்னிடம் வாங்கிய கத்தியை இப்படியே பழக்கி வெண்ணெயாக்கியவர். விஷயத்தைச் சொன்னதும், பேச்சியம்மாள் அக்காவின் கத்தியை விறைப்பாக நின்று வாங்கிக்கொண்டு போனார். வியாழக்கிழமை அவர் மனைவி அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன். பாதி வழி தடையில்லாமல் வந்து, கடைசியில் மட்டும் லேசாகப் பிடித்தது. சந்தோஷத்தில் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா முந்திக்கொண்டார். "நன்றியெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. மூணு நாளா டக்கு டக்குன்னு டிவியில ஒரு வார்த்தை கேக்க விடல. கத்தி இளகிருச்சு, மனுசன் இளகல. இனிமே அவிய கையில எதையும் குடுத்துராதீக."

அரைத் திருகு

வெள்ளிக்கிழமை மாலை. அந்தக் கடைசிப் பிடிப்பும் எதற்கு என்று நினைத்து, திருகாணியை அரைத் திருகு தளர்த்தினேன். ஆகா! ஊதினால் திறக்கும் போலிருந்தது. பெருமை தாங்காமல், கடையில் என்னோடு வேலை பார்க்கும் ராஜாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ராஜாமணி அதிகம் பேசமாட்டார். கத்தியை மடக்கித் தலைகீழாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். அலகு தானாக வெளியே வந்து விழுந்தது. "இப்பம் அந்தம்மா கேக்காமலே திறக்குது அண்ணாச்சி. இதை இடுப்புல சொருகிட்டு சேத்தூர் பஸ்ஸுல வந்தா என்னத்துக்கு ஆகும்?"

திரும்ப முடுக்கினேன், இறுகியது. தளர்த்தினேன், ஆடியது. மயிரிழை இப்படி, மயிரிழை அப்படி என்று இருட்டும்வரை இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். கடைசியில் குலுக்கினால் வராமல், தள்ளினால் மட்டும் வருகிற ஓர் இடம் சிக்கியது. ராஜாமணி இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கட்டைவிரலால் திறந்து திறந்து பார்த்தார். பிறகு, போகிற வழிதானே என்று சைக்கிளில் கொண்டுபோய் அக்கா வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில், அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். "திறந்து பாத்தாங்க. பொறவு, 'செத்த நேரம் இரு, காப்பி போடுதேன்'னாங்க."

மலையடிவாரம்

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை கடையை ராஜாமணியிடம் விட்டுவிட்டு, பெருமாளைப் பார்க்கப் போகிற சாக்கில் திருவண்ணாமலைக்குப் போனேன். படிக்கட்டுப் பக்கம் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று எட்டிப் பார்த்தேன். பேச்சியம்மாள் அக்கா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார், கட்டைவிரலால் தள்ளினார், திறந்தது. பழத்தை நறுக்கினார், தொடையில் அமுக்கி மடக்கினார். அடுத்த ஆள். மறுபடி எடுத்தார், திறந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

கிட்டே போனேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, "இவியதான் கத்தியை இளக்கிக் குடுத்தது" என்று பக்கத்தில் துளசி மாலையோடு இருந்த செல்வியிடம் காட்டினார். செல்வி சிரிக்கவில்லை. "ஏன் அண்ணாச்சி, போன சனிக்கெழமை பூராவும் இவ வாய்க்கு வாய் 'ஏட்டி செல்வி'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. இன்னைக்கு விடிஞ்சதுல இருந்து ஒரு தரம்கூடக் கூப்பிடல. பக்கத்துல யாருமே இல்லாத மாதிரி இருக்கு. அதைப் பழையபடி இறுக்கிக் குடுத்துருங்க."

பேச்சியம்மாள் அக்கா கூடையில் துழாவி பாதி பழுத்த நல்ல செங்காயாக ஒன்றை எடுத்தார். கத்தியைத் திறந்து நாலாகக் கீறி, உப்புப்பொடி தூக்கலாகத் தூவி, துளசி மாலைக்கு மேலே கையை நீட்டினார். "ஏட்டி செல்வி, இந்தா. இனிமே திங்கக் கூப்பிடுதேன்."

கத்தி சுலபமாகத் திறக்கிறது என்று இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த ஒரே புகார் அதுதான்.