பத்துக் கத்தி அகலம்

பதுளையில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'பார்டர்' என்ற சொல் பாடத்தில் வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். விளிம்பு, எல்லை, சேலைக்கரை என்று பலகையில் எழுதிப் போடுவேன். பிரெஞ்சிலிருந்து வந்ததாம், அதற்கும் முன்னால் பலகை, கப்பலின் பக்கம் என்று பொருளாம். கப்பலாவது மண்ணாங்கட்டியாவது! மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் அது கவ்வாத்துக் கத்தியிலிருந்து வந்தது.

லயத்துக்குப் பின்னால் எங்களுக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் மரக்கறித் தோட்டம். நடுவில் மழைத் தண்ணீர் ஓட ஒரு கான். தேயிலைச் செடி வெட்டும் அந்தக் கவ்வாத்துக் கத்தியைக் காம்போடு மண்ணில் கிடத்திக் கிடத்தித்தான் அப்பா நிலம் அளப்பார். எங்கள் பக்கம் பத்துக் கத்தி. ஒரு வருடம் கத்தியின் காம்பு முறிந்து, புதுக் காம்பு போட்டிருந்தார். அளந்தால் ஒன்பதரைதான் வந்தது.

"அரைக் கத்தி நெலத்த முழுங்கிட்டியேடா."

"அளக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா தோட்டம்?" என்றார் மாமா.

அப்பா கத்தியை ஓங்கினார். மாமா மண்வெட்டிப் பிடியால் அவர் நெற்றியில் போட்டார். ரத்தம் கண்ணை மறைக்க, அப்பா கண்மண் தெரியாமல் வீசினார். அம்மா வலக்கையை நீட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கானுக்குள் விழுந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி வராத பாதை. மாமாதான் அவளை முதுகில் சுமந்து ரோட்டுக்கு ஓடினார். அப்பா கத்தியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் அடுப்படி விறகில் பழைய காம்பின் துண்டுகள் கிடைத்தன. அப்பா ஒட்டி வைத்துப் பார்த்தார். புதுக் காம்பு அதைவிட இரண்டு விரற்கடை நீளம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம், "கான் நகரல புள்ள. காம்புதான் நீளம்" என்றார்.

"அத வீசுறதுக்கு முந்தி பாத்திருக்கலாமே."

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் இன்றுவரை அப்பாவை மன்னிக்கவில்லை.

கட்டு அவிழ்த்த மறுநாளே கொழுந்து பறிக்கும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். பழக்கத்தில் வலக்கையை ஒரு கொழுந்தின் மேல் வைத்தாள். கட்டைவிரல் மட்டும் வளைந்தது. கொழுந்து செடியிலேயே நின்றது.