உறைந்த ஏரியும் டிக் மேடமும்

கல்லூரியின் இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறைக்கு 'அங்கீகாரப் பிரிவு' என்று பெயர். பிரிவு என்றால் ஒரு மேசை, இரண்டு பீரோ, டிக் மேடம். பதினோரு வருடமாகப் படிவங்களில் கட்டம் கட்டமாக டிக் போட்டு வருபவருக்கு மாணவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பேச்சு மிகக் குறைவு. ஃபோன் அடித்தால்கூட ஒருமுறை இருமித் தைரியம் வரவழைத்துக்கொண்டுதான் எடுப்பார். ஆனால் உயர்கல்வி ஆணையத்தின் விதிப்புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

கல்லூரியில் ஒரு கூட்டுப் பட்டப் படிப்பு இருந்தது. பாடம் நடப்பது இங்கே; பட்டம் தருவது கடல் தாண்டிய குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம். அந்தப் பட்டம் இங்கே செல்லுபடியாக வேண்டுமானால் ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். அங்கே சொல்லிக்கொடுப்பதில் ஒரு துளிகூட இங்கே குறையக்கூடாது என்பது ஆணையத்தின் முதல் விதி. எனவே, அங்கிருந்து வந்த பாடத்திட்டத்தின் எழுபத்திரண்டு வரிகளுக்கும் டிக் மேடம் 'ஆம்' போட்டு அனுப்பிவிட்டார். நாற்பத்தோராவது வரி, 'உறைந்த ஏரியின் மேல் களப்பயிற்சி, பன்னிரண்டு மணி நேரம்' என்றது.

இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும்.

'களப்பயிற்சியின் கடைசி மூன்று மணி நேரத்தை வரும் செவ்வாய்க்கிழமை நேரில் பார்வையிடுவோம்' என்று ஆணையத்திலிருந்து கடிதம் வந்ததும், முதல்வர் இரண்டு மாடியையும் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஏம்மா, ஏரிக்கு எங்கம்மா போறது?"

"ஏரி இருக்கு சார். உறையத்தான் மாட்டேங்குது."

"பேசாமலே இருப்பீங்களே, இப்பப் பாத்து ஜோக்கா?"

அவர் ஜோக் அடிக்கவில்லை. அந்த ஒரு வரியை நீக்க இரண்டு தேசத்தின் அனுமதியும் வேண்டும். ஆறு மாதம் பிடிக்கும். முதல் அணியின் முப்பத்தொரு பேருக்கோ அடுத்த மாதம் பட்டம். ஒப்புதல் இல்லையென்றால் அது இங்கே வெறும் காகிதம். அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தி அவருடைய சொந்த அக்காவின் மகள். "நீ சேத்து விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று டிக் மேடம் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வாய்விட்டுக் கொடுத்த வாக்கு அது.

அன்று சாயங்காலமே அக்காவின் ஃபோன். "ஏண்டி, எம்பொண்ணு நாலு வருஷம் படிச்சதெல்லாம் தண்ணியாப் போச்சா?"

"தண்ணியில்லக்கா. ஐஸ்தான் வேணும்," என்றார் தங்கை. சொன்ன மாத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

சனிக்கிழமை காலை ஐஸ் ஃபேக்டரி முதலாளி, தன் குளிர்கிடங்கு வாசலில் முப்பத்தொரு பேரைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஒருவன் மழைக்கோட்டில் வந்திருந்தான், ஒருத்தி போர்வையில், இன்னொருவன் நாலு சட்டைக்கு மேல் சட்டை.

"மேடம், கட்டியா வேணுமா, ஒடச்சுத் தரவா?"

"தரையா வேணும். இருபது சதுர மீட்டர்."

"அதென்ன அளவு?"

"களப்பயிற்சிப் பரப்பு. பின்னிணைப்பு மூணுல இருக்கு."

மூன்றில் இருக்கிறது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் தலையாட்டினார். ஐஸ் பாளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, இடுக்குகளில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டார்கள். சனி, ஞாயிறு, திங்கள் என்று நாளுக்கு மூன்று மணி நேரம் பிள்ளைகள் துளை போட்டார்கள், வெப்பநிலை அளந்தார்கள், வழுக்கி விழுந்தார்கள். "சித்தி, நடுக்கத்துல என் கையெழுத்து டாக்டர் கையெழுத்தாட்டம் ஆயிடுச்சு," என்று அக்கா மகள் குறிப்பேட்டை நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ஆணையத்து அதிகாரி அரைக்கைச் சட்டையில் வந்தார். ஐந்து நிமிடத்தில் பல் தந்தியடித்தது. முதல்வர் தன் சால்வையில் பாதியை அவருக்குப் போர்த்திவிட, இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள்போல மூன்று மணி நேரமும் சுற்றிப் பார்த்தார்கள்.

"வேலையெல்லாம் அருமை," என்றார் அதிகாரி. "ஆனா அங்க ஏரி, இங்க ஃபேக்டரி. இத எப்படிச் சமம்னு எழுத முடியும்?" அவருடைய பேனா 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் போய் நின்றது.

டிக் மேடம் ஒருமுறை இருமினார். ஃபோனை எடுத்தார். குளிர்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் அலுவலக அம்மாளுக்கும் அவருக்கும் ஆறு வருடமாகக் கடிதப் போக்குவரத்து; குரல் கேட்டதில்லை, முகம் பார்த்ததில்லை. இப்போது திரையில் வட்டக் கண்ணாடி போட்ட ஒரு முகம் வந்தது.

"உங்கள் களப்பயிற்சியைக் காட்டுங்கள், தயவுசெய்து. இப்போதே," என்றார் இவர், அவர்கள் மொழியில்.

அந்த முகம் சிவந்தது. ஃபோனோடு நடந்தது. தாழ்வாரம், படிக்கட்டு, ஒரு பெரிய இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால் கூரை போட்ட சறுக்குமைதானம்! நடுவில் மாணவர்கள் மண்டியிட்டு ஐஸில் துளை போட, அவர்களைச் சுற்றிச் சின்னக் குழந்தைகள் கூச்சலோடு சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏரியில் கால் வைக்க எங்கள் காப்பீட்டு நிறுவனம் தடை போட்டு மூன்று வருடமாகிறது," என்றாள் அந்த அம்மாள் பரிதாபமாக. "இதுவும் மெஷினில் உறையவைத்த ஐஸ்தான். பாடத்திட்டத்தில் வரியை மாற்றலாம் என்றால், உங்கள் ஆணையத்தின் அனுமதிக்கு ஆறு மாதமாகும் என்றார்கள். விட்டுவிட்டோம்."

டிக் மேடம் அதை வரி பிசகாமல் தமிழில் சொன்னார். அதிகாரி திரையைப் பார்த்தார், பாளத் தரையைப் பார்த்தார். பிறகு சால்வையின் மறுபாதியில் இருந்த முதல்வரும் சேர்ந்து குலுங்கும்படி சிரித்தார். வாயிலிருந்து புகை புகையாக வந்தது.

"அங்கயும் மெஷின் ஐஸ்தானா! அப்ப எதுல குறைச்சல்?" என்று 'ஆம்' கட்டத்தில் பேனாவை வைத்தார். எழுதவில்லை. மை உறைந்திருந்தது. உதறினார், ஊதினார். "அக்குள்ல வைங்க சார்," என்றார் ஐஸ் ஃபேக்டரி முதலாளி. வைத்தார். முப்பத்தொரு பேரும் அந்த அக்குளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்; கடல் தாண்டிய அம்மாளும் திரையில் மூக்கு முட்டப் பார்த்தாள்.

ஒரு நிமிடம் கழித்துப் பேனா எழுதியது. அக்கா மகள் "சித்தி!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் சறுக்கி, இருபது சதுர மீட்டரையும் கடந்து, முதல்வரின் காலடியில் போய் நின்றார்கள். டிக் மேடம் எழுந்திருக்க முயலவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே, கல்லூரியில் யாரும் அதுவரை கேட்டிராத குரலில், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.