காலை ஐந்தரைக்கு அனுப்பிய செபம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் இது நடந்தது. இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது போனில் எதையாவது சத்தமாகப் போட்டால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் பதினெட்டு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். பாலக்கரையில் எங்கள் தெருவில் முப்பது வீடுகள் சேர்ந்து ஓர் அன்பியம். வாரத்தில் ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, அதைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை பேசி, செபித்து, டீ குடித்துவிட்டுக் கலைவோம். அதில் நன்றாகப் பேசுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பேர் வாங்கிவிட்டால் சும்மா இருக்க முடியுமா? அன்றன்றைக்குப் பூசையில் வரும் நற்செய்தியை எடுத்து, ஐந்து நிமிடம் சிந்தனை சொல்லி, தினமும் காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜாக அனுப்ப ஆரம்பித்தேன். முதலில் எங்கள் அன்பியக் குழுவுக்கு மட்டும்தான். பிறகு பங்கு முழுவதற்குமான, அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த எல்லோருக்குமான குழுவில் கேட்டார்கள். அங்கிருந்து யார் யாருக்குப் போனதோ, துபாயில் இருக்கும் என் சித்தி மகளுக்கே வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எதிர் வீட்டில் ஓர் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர், கணவர் இல்லை, ஒரே மகள். மகள் பேங்கில் வேலை பார்க்கிறாள். ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம் அந்த அக்கா என் வீட்டுக்கு வந்து, உட்காராமலே நின்றார். மகளுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு நல்ல வரன் முடிந்திருப்பதாகச் சொல்லிவிட்டு அழுதார். பெண்ணுக்கு ஏழாம் வகுப்பிலிருந்து வலிப்பு உண்டாம். மாத்திரை சாப்பிட்டு வருகிறாள், ஆறு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை. கல்யாண அலைச்சலில் எங்கே திரும்ப வந்துவிடுமோ என்று பயம்.

"டீச்சர், இது நம்மளோட இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம். நீங்க செபத்துல மட்டும் அவளை நினைச்சுக்குங்க" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்டிப்பாக நினைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பதினைந்து வருடமாக எதிர் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு வலிப்பு என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு தாய் அவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயத்தை என்னை நம்பிச் சொன்னார்.

அடுத்த வாரம் சனிக்கிழமைக்கான நற்செய்தியைப் பார்த்தேன். வலிப்பால் துடிக்கும் மகனை ஒரு தகப்பன் இயேசுவிடம் கொண்டுவரும் பகுதி. ஆண்டவரே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. முதல்நாள் சாயங்காலமே அறைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தேன். சிந்தனையின் கடைசியில் ஒரு செபத்தையும் சேர்த்தேன். எங்கள் அன்பியத்தில் ஒரு சகோதரி, துணை இழந்தவர், அவருடைய மகள் சிறு வயது முதல் இதே நோயோடு போராடுகிறாள், பேங்கில் பணிபுரியும் அந்த மகளுக்கு விரைவில் திருமணம், அவளைத் தொட்டுக் குணமாக்கும் ஆண்டவரே என்று. பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாததில் எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, எவ்வளவு நாசூக்காகச் செய்துவிட்டேன் என்று.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அது போனது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் வயது, இன்னொருவர் கொஞ்சம் மூத்தவர். இருவர் கழுத்திலும் சிலுவை டாலர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் மூத்தவர் போனைத் தட்டினார். என் குரல் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் பூரித்துப்போனேன். முன்பின் தெரியாதவர்கள் பஸ்ஸில் என் சிந்தனையைக் கேட்கிறார்கள். தோளைத் தட்டி, அது நான்தாங்க என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவர் சிந்தனையைக் கேட்கவில்லை. விரலால் நகர்த்தி நகர்த்திக் கடைசிக்குக் கொண்டுபோனார். சிறு வயது முதல், பேங்கில் பணிபுரியும், விரைவில் திருமணம். என் குரல் தழுதழுத்து முடிந்தது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது.

"கேட்டீங்களா, இதேதான்" என்றார் மூத்தவர். "பாலக்கரைக் குழுவுல வந்தது, அப்பா இல்லாத பொண்ணு, பேங்க் வேலை. நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணேதான்."

"யாருக்கெல்லாம் போட்டீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்குப் போட்டேன். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஆச்சே, அவர் பார்த்துக்குவாரு. ஆனா இதைப் பேசியிருக்கிற அம்மா, யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும். சரியான நேரத்துல கண்ணைத் திறந்து விட்டாங்க."

அந்த அம்மா என்னை வாழ்த்தியது இன்னும் காதிலேயே இருக்கிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாலம் முடிந்து மாம்பழச்சாலை வந்தது, திருவானைக்காவல் வந்தது, அவர்கள் இறங்கினார்கள், நான் எழுந்திருக்கவில்லை. என் நிறுத்தத்தையும் விட்டுவிட்டுக் கடைசி நிறுத்தம் வரை போய், கண்டக்டர் வந்து சொன்ன பிறகு இறங்கினேன். அங்கேயே நின்று போனை எடுத்து அந்த மெசேஜை அழிக்கப் பார்த்தேன். மூன்று நாள் ஆகிவிட்டதால் எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி போய்விட்டது. என் போனிலிருந்து மட்டும் அழிக்கட்டுமா என்று கேட்டது. அதற்குக் கீழே ஐம்பது அறுபது ஆமென், கைகூப்பிய படங்கள்.

பள்ளியில் முதல் இரண்டு பீரியட் எப்படி எடுத்தேன் என்று தெரியாது. போர்டில் நான் போட்ட கணக்கைப் பிள்ளைகளே தப்பு என்றார்கள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா புளி உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கழுவினார்.

"வாங்க டீச்சர். என்ன இந்நேரத்துக்கு? காபி கலக்கட்டுமா?"

கொட்டிவிட்டேன், பஸ்ஸில் கேட்டது முழுவதையும். நான் முடித்ததும், "தெரியும் டீச்சர். சனிக்கிழமை காலையிலேயே கேட்டேன். அடுப்படியில நின்னுக்கிட்டு தினமும் உங்களோடதைத்தான் கேப்பேன். அவளும் பக்கத்துலதான் இருந்தா" என்றார்.

சனிக்கிழமையே தெரியும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை? அன்று பூசையில் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் என்னைப் பார்த்துத் திரும்பி, கை கூப்பி, எப்போதும் போலச் சிரித்தார். எல்லாம் தெரிந்துகொண்டே எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் விழுந்ததைவிட இது பெரிய அடியாக விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டிடம் மறைத்தார்களோ என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு நொடி, எனக்கு வசதியாக இருக்குமே என்று, அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அக்கா சொன்னார், அந்தப் பெண் முதல் சந்திப்பிலேயே பையனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் பெற்றோருக்கும் தெரியும். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, சொந்தக்காரர்கள் காதுக்கு மட்டும் போக வேண்டாம், நாலு பேர் நாலு விதமாகக் கலைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டார்களாம். அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயர்களைப் பூசையில் அறிவித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்கு ஃபாதரிடம் வந்து சொல்லுங்கள் என்பார்கள். நான் அதற்கு முன்பே ஊருக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன்.

"நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசட்டுமாக்கா? கால்ல வேணாலும் விழறேன்."

"வேணாம் டீச்சர்" என்றார். "நீங்க பேசப் பேச இன்னும் நாலு பேருக்குத் தெரியும்."

அந்த வாரம் நான் எதையும் அனுப்பவில்லை. உடம்பு சரியில்லையா என்று பலர் கேட்டார்கள். பைபிளை எடுத்து, இயேசு குணமாக்கிய பகுதிகளை மட்டும் தேடித் தேடி வாசித்தேன். இதையெல்லாம் பலமுறை வாசித்து, பேசி, கைதட்டு வாங்கியவள் நான். காது கேளாதவனைக் கூட்டத்திலிருந்து தனியே கூட்டிப்போகிறார். தொழுநோயாளியைக் குணமாக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்கிறார். இறந்த சிறுமியின் வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் மூன்று சீடர்களையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். அவள் எழுந்ததும், இது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லி, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். ஏன் சொல்ல வேண்டாம் என்றார் என்பதற்குப் பெரியவர்கள் பெரிய பெரிய விளக்கம் சொல்வார்கள், இருக்கட்டும். ஒரு பெண்பிள்ளையின் நோயை ஊர் பேச வேண்டாம் என்று அவர் நினைத்திருப்பார் என்று எனக்கு அந்த வாரம்தான் தோன்றியது. தோன்றி என்ன பிரயோசனம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையின் முடிவில் ஃபாதர் அறிவிப்புக் காகிதத்தை எடுத்தார். நான் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயர் வந்துவிட வேண்டும், வந்துவிட வேண்டும் என்று கெஞ்சினேன். இரண்டு ஓலை வாசித்தார். இரண்டும் வேறு யாரோ. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு இறுதி ஆசீர் கொடுத்தார். பெரியப்பா வீட்டார் பார்த்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. பையனுக்கு மனம் இருந்தது, அவன் அப்பாவுக்கு அண்ணனை மீறத் தைரியம் இல்லை. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, கோவில் வளாகத்தில் குகை மாதிரி கட்டிய மாதா கெபிப் பக்கம் நின்றிருந்தேன். அந்தப் பெண் தனியாக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். முகம் வீங்கியிருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தச் செபம் எனக்காகப் பண்ணினதா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது பொய்யாகியிருக்கும். ஏனென்றால் அந்தச் செபத்தை நான் நான்கு முறை பதிவு செய்தேன். முதல் முறை குரல் தழுதழுக்கவில்லை. இரண்டாவது முறை தெருவில் ஹாரன் அடித்தது. மூன்றாவதில் அழுகை கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டது. நான்காவதுதான் சரியாக அமைந்தது, அதை நானே இரண்டு தடவை போட்டுக் கேட்டு ரசித்தேன். ஜூலை கடைசியில் அவள் அம்மாவின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்ததிலிருந்து அந்த ஞாயிறு வரை, போனை அணைத்துவிட்டு, அவள் பெயரைச் சொல்லி, ஓர் அருள்நிறை மரியே செபம்கூட நான் அவளுக்காகச் சொன்னதில்லை. அவளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று உருகி வேண்டிக்கொண்டது, சற்று முன் ஓலை வாசிக்கும்போதுதான். அதுவும் என் மானத்துக்காகவா அவளுக்காகவா என்று எனக்கே தெரியாது.

"இல்லம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சரி ஆன்ட்டி. தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு, கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு மதுரையில் இருக்கிறாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் குழுவில் பேசுவதை நிறுத்திவிட்டேன். என் சிந்தனை இல்லாமல் பொழுது விடியவில்லை என்று சொன்னவர்களுக்கெல்லாம் வழக்கம்போல விடிந்துகொண்டுதான் இருக்கிறது. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் கதவைச் சாத்திவிட்டு அவள் பெயரை மட்டும் சொல்லி முழந்தாளிடுகிறேன். எதிர் வீட்டு அக்கா என்னை வெறுக்கவில்லை. கேக் செய்தால் கொடுத்தனுப்புகிறார், பூசையில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறார், வெயில், மழை, காய்கறி விலை எல்லாம் பேசுகிறார். மகளுக்கு வரன் பார்க்கிறார்களா, உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை. தினமும் வாசலில் சிரித்துக்கொண்டே பேசும் ஒருவர் தன் பாரத்தை இனி என்னிடம் இறக்கி வைக்கப் போவதே இல்லை என்று தெரிந்து வாழ்வதுதான், நான் இத்தனை காலம் ஊருக்குச் சொன்ன வசனங்களில் எதையுமே கேட்கவில்லை என்பதை எனக்கு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.