ஒரு மகிழ மரத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

மரம் வெட்டப்படும் அபாயம் உடனடியானதாக இருந்தால் தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்னாலே போதும், புகைப்படம் தேவையில்லை. மாநகராட்சியின் புகார்ப் படிவத்தின் பின்பக்கத்தில், ஆறாவது குறிப்பாக, பொடி எழுத்தில் இது அச்சாகியிருந்தது. நான் படித்திருந்தேன். ஆயுள் முழுக்க அரசுக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் பின்பக்கத்தைப் படிக்காமல் விடுவேனா? படித்துவிட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கான சலுகை என்று ஒதுக்கிவைத்தேன்.

நேற்று மாலை தெற்கு மாட வீதியில் ஒரு பூக்கூடையிலிருந்து மகிழம்பூ வாசனை வந்தது. மற்றவர்களுக்குப் பூ வாசனையில் பழைய காதல் நினைவுக்கு வருமாம். எனக்கு ஆறாவது குறிப்பு வந்தது, வரி பிசகாமல்.

பத்துப் பன்னிரண்டு வருடக் கதை. எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த அடுக்ககத்தின் வாசல் தூணை ஒட்டி, தெருவோரத்தில் ஒரு மகிழ மரம். அதன் நிழலில் செல்வியின் இஸ்திரி வண்டி. தெருவின் சட்டைகளெல்லாம் கரி வாசனையும் பூ வாசனையும் சேர்ந்துதான் வீடு திரும்பும். அந்த அடுக்ககத்தின் செயலாளருக்குக் கார் வாங்கிய பிறகு பூ பிடிக்காமல் போயிற்று. "தினம் காரு மேல கொட்டிண்டே இருக்கு மாமா. மரத்த எடுத்துட்டா கேட்டையும் அகலமாக்கிடலாம்" என்றார், பல் பிடுங்குவதுபோல.

செல்வி என்னிடம் வந்தாள். "வெய்யில்ல நின்னு பொட்டி தேய்க்க முடியுமா சார்? நீ ஆபீசு பார்த்த ஆளு. இன்னான்னு கேளு."

கேட்டேன், உரிய படிவத்தில். மரம் முழுவதும், கதவு எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்பது இரண்டாவது குறிப்பு. பணி ஓய்வுக்கு வாங்கிய டிஜிட்டல் கேமரா ஒன்று அலமாரியில் பட்டுத்துணி சுற்றி உறங்கிக்கொண்டிருந்தது. எடுத்து, நடுப்பகலில் ஒரு படம் பிடித்து அனுப்பினேன். வானம் அழகாக விழுந்திருந்தது. எண் எழுதிய தூண் கரிக்கட்டையாக இருந்தது. 'கதவு எண் தெரியவில்லை' என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை, எண் தெரியும்வரை வெளிச்சத்தைக் கூட்டினேன். மரத்தின் தலை வானத்தோடு கரைந்து வெள்ளையாகிப் போயிற்று. 'மரம் தெரியவில்லை.' நாற்பதடி மரம், ஐயா! ஆனால் திருப்பியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நாற்காலியில் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆக, தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிறுதோறும் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். கழுத்தில் பீரங்கி மாட்டிய கணினிப் பிள்ளைகள் பத்துப் பேர், நடுவில் நான். தங்கள் காலை இட்லியை முப்பது கோணத்தில் எடுத்துவந்து காட்டுவார்கள். நடத்தியவர் பஷீர், திருவல்லிக்கேணிக்காரர், கல்யாண போட்டோகிராபர்.

அவர் பாடத்தில் அப்பெர்ச்சர் என்பது ஜன்னலை எவ்வளவு அகலம் திறக்கிறோம் என்பது, ஷட்டர், எவ்வளவு நேரம் திறந்துவைக்கிறோம் என்பது, ஐ.எஸ்.ஓ., உள்ளே இருப்பவருக்கு வெளிச்சத்தில் எவ்வளவு கண் கூசுகிறது என்பது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். எனக்கு உடனே பிடிபட்டது. மூன்று மேசையில் கையெழுத்தாகாமல் எந்தக் கோப்பு நகர்ந்தது? ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று எண்ணையும் பதிந்துவைத்தேன்.

பஷீர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், கேமராக்குள்ள கீற லைட் மீட்டர் சொல்றத அப்டியே நம்புவியா? அதுக்கு எல்லாமே சாம்பல் கலருதான். வெள்ளைய காட்டு, சாம்பலாக்கும். கருப்ப காட்டு, அதையும் சாம்பலாக்கும்."

அப்படி ஒரு மேலதிகாரியிடம் நான் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அவரையும் நம்பித்தான் இருந்தேன்.

"மரத்துக்குத் தனியா, தூணுக்குத் தனியா ரெண்டு படம் எடுத்துக் குடேன் சார்" என்றார், மரத்தின் கதையைக் கேட்டுவிட்டு.

"விதியில் ஒரே படம் என்றிருக்கிறது."

"அப்போ வெய்யிலு ஏர்றதுக்கு மின்ன எடு. வானமும் தரையும் ஒரே அளவா கீற நேரம் அதான்."

இதற்குள் இரண்டு மாதம் ஓடியிருந்தது. செயலாளர் வீட்டுக்கு மரம் அறுக்கும் ஆள் வந்து அளந்துவிட்டுப் போனதை செல்விதான் சொன்னாள். "நீ போட்டோ எடுத்துக்கினே இரு சார். அவன் மரத்த எடுத்துக்கினு பூடுவான். யாருக்காச்சும் ஒரு போனு போடேன்."

"போனுக்கெல்லாம் ரசீது கிடையாதும்மா" என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக என் ஓய்வூதியத்தையே நிறுத்தலாம்.

மறுநாள் விடியலில், கால்மணி நேரம் தெரு முழுக்க நிழலே இல்லாத ஒரு வெளிச்சத்தில், படம் விழுந்தது. ஒவ்வொரு இலையும் தெரிந்தது. எண்ணும் தெரிந்தது. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டினேன். இட்லிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். எந்த அலுவலகத்திலும் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூட அன்று உறைக்கவில்லை.

தெருமுனை திரும்பியதும் கண் கூசியது. எங்கள் வீட்டு வாசலில் அவ்வளவு வெயில் நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது என்பது செயலாளருக்கும் தெரிந்திருக்கிறது. ஈரமான அடிக்கட்டை. தெருவெல்லாம் மரத்தூளும் மிதிபட்ட பூவும். செல்வி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, வெட்டவெளியில் யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்போ நல்லா வெளிச்சம் கீது சார். எடு."

ஒரு வாரம் அங்கேயே நின்றாள். பிறகு வண்டி இல்லை. அடையாறு பக்கம் ஏதோ ஒரு மரத்தடியில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. போய் எந்தப் படிவத்தை நீட்டுவது? இப்போது கேட் அகலமாக இருக்கிறது. செயலாளரும் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளையோடு போய்விட்டார். தெருவில் எல்லோர் கையிலும் போன். வானத்தையும் தூணையும் அதுவே சமன் செய்துவிடுகிறது. சமன் செய்ய மரம்தான் இல்லை.

பதில் வந்தது, வராமல் இல்லை. 'இணைக்கப்பட்ட படம் விதிப்படி தெளிவாக உள்ளது. நேரில் ஆய்வு செய்ததில் குறிப்பிட்ட இடத்தில் மரம் ஏதும் காணப்படாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது.' உறையின் மேல், என் வழக்கப்படி, பெற்ற தேதியைக் குறித்துச் சுருக்கொப்பமிட்டேன்: அக்டோபர் பதினேழு.