உதடு அசையாத திக்ரு

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். சங்கரன்கோவிலுக்கு வெளியே, கடையநல்லூர்ச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிறிய தர்காவின் பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் இருந்தவள் விடுதியில் என் அறைத்தோழி. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஜூலையில் அவளுடைய தம்பி தோட்டத்துக் கிணற்றில் மூழ்கி இறந்துபோனான். அன்றிலிருந்து அவள் விடுதிக்குத் திரும்பாமல் ஊரிலேயே இருந்தாள், ஒரு சொல்லும் பேசவில்லை. ஊட்டினால் உண்பாள், படுக்க வைத்தால் படுப்பாள். முந்தைய வாரம், ஆடிக் கடைசி வெள்ளி மாலை, அவளைச் சங்கரன்கோவில் பெரிய கோயிலுக்கு அழைத்துப்போய் அம்மன் சந்நிதிக்கு முன்னால் உள்ள சக்கரக் குழியில் அமர வைத்திருந்தார்கள். மனம் கலங்கியவர்களை அதில் உட்கார வைப்பது இங்கே வழக்கம். பலன் தெரியவில்லை. உடனே அவளுடைய மாமா, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கோடாங்கியை ஏற்பாடு செய்துவிட்டார். அந்தக் கோடாங்கி சாட்டையால் அடித்துத்தான் பேயோட்டுவார். அதற்குள் மகள் வாய் திறந்துவிட வேண்டுமே என்ற தவிப்பில், யாரோ சொன்னதைக் கேட்டு அவளுடைய அம்மா தர்காவுக்குப் புறப்பட்டார். "ஒங்க எடந்தான மக்கா, நீயும் கூட வா" என்று என்னை அழைத்தார்.

மறுக்க மனம் வரவில்லை. உண்மையில், முஸ்லிம்களே என்றாலும் எங்கள் வீட்டில் தர்காவுக்குப் போவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதுவரை நான் எந்தத் தர்காவுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் நான் வாசிக்கவேண்டிய கட்டுரையோ சூஃபிகளின் அக அறிவைப் பற்றியது. அவர்கள் மஃரிபா என்று குறிக்கும் மெய்யறிவையும் சித்தர்களின் யோக அறிவையும் அதில் ஒப்பிட்டிருந்தேன். துடைத்த கண்ணாடி போன்ற இதயத்தில் ஒளி மேலிருந்து இறங்குகிறது என்பது ஒரு மரபு. உடலின் அடியில் சுருண்டிருக்கும் பாம்பு விழித்து மேலேறுகிறது என்பது மற்றது. ஒன்றில் அறிவு அருளப்படுகிறது, மற்றதில் எழுப்பப்படுகிறது. இந்த வேறுபாட்டைப் பிசிறில்லாமல் நிறுவிவிட்டதாக நினைத்திருந்தேன். எழுதும் பொருளைக் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டுமே என்று, நாவும் உதடும் அசையாமல் மூச்சோடு மட்டும் இறைவனின் பெயரை நினைக்கும் திக்ரையும் பழகிவந்தேன். தினமும் அந்தித் தொழுகைக்கு முன்னால், விடுதி வெறிச்சோடிக் கிடக்கும் நேரத்தில், கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்வேன். யாரிடமும் சொன்னதில்லை. அதில் பக்தியைவிட ஆர்வமே மிகுதி.

தோழியின் நெற்றியில் கோயில் புற்றுமண் அப்பியிருந்தது. அதை அழித்துவிடட்டுமா என்று அவளுடைய அம்மா தர்காவின் பெரியவரிடம் தயங்கிக் கேட்டார். "மண்ணுதானம்மா, இருந்துட்டுப் போவுது" என்றபடி அவர் சாம்பிராணித் தட்டை எடுத்தார். எங்களுக்குப் பின்னாலிருந்த ஒரு பெண், "கோயிலுக்கும் போயாச்சு, இங்கனயும் வந்தாச்சு. இனி சர்ச்சு ஒண்ணுதான் பாக்கி" என்று முணுமுணுத்தாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மின்சாரம் போனது. மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றது. கல்லறையின் தலைமாட்டில் எரிந்த ஒற்றை விளக்கு, பச்சைப் போர்வையின் ஓரத்தை மட்டும் காட்டியது. புகை எங்கும் நகராமல் எங்கள் முகத்துக்கு நேரே நின்றது. ஏனென்று தெரியவில்லை, எனக்குப் பயமாக இருந்தது. என்னையறியாமல் உள்ளே திக்ரு தொடங்கிவிட்டது. அதைக் கவனித்ததும், இந்த இடத்தில் இது வேண்டாம் என்று சட்டென நிறுத்தினேன்.

நிறுத்திய அந்தக் கணமே என் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. ஈரத்துணிபோல் குளிர்ந்திருந்தது.

"ஏட்டி, நிறுத்திராத."

வாரக்கணக்கில் பேசாத தொண்டை, குரல் கரகரத்தது. அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவள் தலையில் வருடி ஓத மயிலிறகை ஓங்கிய பெரியவரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

எதை நிறுத்த வேண்டாம் என்கிறாய் என்று கேட்டேன். "நீ சொல்லிட்டு இருந்தியே, அதத்தான்" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லையே என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. விளக்கையும் பார்க்கவில்லை.

"இருட்டா இருக்குட்டி. கிணத்துக்குள்ள கெடக்க மாதிரி. மேல ஒஞ் சத்தம் மட்டுந்தான் கேக்குது. அதப் புடிச்சுத்தான் ஏறுதேன்."

மீண்டும் தொடங்கினேன். உதடுகளை இறுக மூடியிருந்தேன். பக்கத்தில் இருந்த யாருக்கும் எதுவும் கேட்கவில்லை என்பது அவர்கள் எங்களை மாறி மாறிப் பார்த்ததிலேயே தெரிந்தது. என் மூச்சோடு அவள் மூச்சும் ஏறி இறங்கியது. பாங்கு ஒலித்து, மின்சாரம் திரும்பி வந்தபோது அவள் தண்ணீர் கேட்டாள்.

திரும்பும் ஆட்டோவில் அவளுடைய அம்மா தம் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, "கோடாங்கி வேண்டாம்ண்ணே. புள்ள பேசிட்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தோழி என் தோளில் சாய்ந்திருந்தாள். அம்மாவுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டாள்: "அன்னைக்குச் சக்கரத்துல உக்காந்திருந்தப்பயும் கேட்டுச்சு. கோயில்ல நீ எங்கனட்டி இருந்த?"

நான் கோயிலுக்குப் போயிருக்கவில்லை. ஆடிக் கடைசி வெள்ளி மாலை, அந்த நேரத்தில், விடுதி அறைக்குள் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தேன். அதை அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை. சாலையோரப் புளியமரங்கள் ஆட்டோ வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக முன்னால் வந்து பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உதடுகள் மூடியிருக்கின்றனவா என்று ஒருமுறை விரலால் தொட்டும் பார்த்தேன்.

மறுநாள் காலை சுபுஹு தொழுதபின் பாயிலேயே வெகுநேரம் இருந்தேன். தொடங்கவும் பயம், அவள் தன் கிராமத்தில் விழித்துக் காத்திருந்தால் என்ன செய்வது என்று தொடங்காமல் இருக்கவும் பயம். கடைசியில் எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து, உதடு அசையாமல் தொடங்கினேன். இன்றும் அப்படி உட்காரும்போதெல்லாம் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே உணர்கிறேன். அது அவளா, அவளுக்கு அதைக் கேட்கவைத்தவனா என்று பிரித்தறிய நான் இப்போது முயல்வதில்லை.