மூன்றாவது சிடி, நாற்பத்தொன்பதாவது நிமிடம்

மூன்றாவது சிடியைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஒரு மாதிரி முனகியது. முதல் இரண்டுக்கும் அப்படி முனகவில்லை. எனக்கு அப்போதே அபசகுனமாகப் பட்டது. அந்த வாரம் எனக்கு எதுதான் அபசகுனமாகப் படவில்லை? பால் பொங்கி வழிந்தால் பட்டது, பல்லி கத்தினால் பட்டது.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன். இன்னும் எட்டு நாள் என்று நாள் குறித்துவிட்டார்கள். குரல்வளையை முழுசாக எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "அப்புறம் பேச முடியுமா டாக்டர்?" என்று நான் கேட்டதற்கு, "உயிர் முக்கியமா, குரல் முக்கியமாம்மா?" என்றார். இதென்ன கேள்வி என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? ஐந்து மாதமாகத் தொண்டை கட்டியிருந்த மனுஷனுக்கு மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் கொடுத்துக்கொண்டே காலத்தைக் கடத்தியவள் நான்தான்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. கடை வாசலில் நின்று கூப்பிடுவதுதான் பாதி வேலை. "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க. வாங்கம்மா, வாங்க." இருபத்து மூன்று வருஷமாக ஊரில் உள்ள பெண்களையெல்லாம் வாய் நிறையக் கூப்பிட்டார். அதனால் தொண்டை கட்டியபோது, கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம்.

ஊரையே கூப்பிட்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் நான் 'இந்தா'. கடைத்தெருவில் 'இங்க பாரு'. கோபம் வந்தால் அதுவும் கிடையாது, தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். நானும் அவர் பேரைச் சொன்னதில்லை, எனக்கு 'என்னங்க' போதும். ஆனால் என் பேரை அவர் ஒரே ஒரு தரம் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்தன்று சாயங்காலம், ஜீயபுரத்தில் அவர்கள் வீட்டு வாசலில். நாத்தனார் நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, "பொண்டாட்டி பேரைச் சொல்லு, அப்பத்தான் உள்ள விடுவேன்" என்றாள். அவர் சொன்னார். எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள்.

அது எங்கள் கல்யாணப் படத்தில் இருக்கிறது. மூன்று சிடி. மற்ற இடத்திலெல்லாம் வீடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு ரொப்பி, சுற்றிலும் இதயம் இதயமாகப் பறக்கவிட்டிருந்தார். யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காது. அந்த வாசல் காட்சிக்கு மட்டும், சிரிப்புச் சத்தம் நன்றாக இருக்கிறது என்று பாட்டுப் போடாமல் விட்டிருந்தார். புதிதில் அதைப் பார்த்து நான் பலமுறை வெட்கப்பட்டிருக்கிறேன். பிறகு சிடி பிளேயர் கெட்டுப்போனது, பெண் பிறந்தாள், வருஷங்கள் ஓடிவிட்டன.

ஆபரேஷன் என்றதும் பெங்களூரிலிருந்து பெண் போன் பண்ணினாள்.

"அம்மா, அப்பா குரலை இப்பவே போன்ல ரெக்கார்டு பண்ணி வைம்மா. கரகரன்னு இருந்தாலும் பரவால்ல."

"வாயக் கழுவுடி!" என்று கத்திவிட்டேன். "உசிரோட இருக்கற மனுஷன் குரலைப் பிடிச்சு வைக்கறதா? நீயே போகப்போகுதுன்னு எழுதிக் கொடுத்துடுவ போலிருக்கே!"

"பின்ன டாக்டர் என்ன சொன்னார்மா?"

நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு அதெல்லாம் ஆகாது. கல்யாண சிடியைப் பார்ப்பது வேறு, அது மங்கல காரியம். குரல் வேண்டுமென்றால் அதில் இருக்கிறதே, கணீரென்று, இளசாக. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தால் போயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெண் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. துணி போட்டு மூடிக் கிடந்தது. சிடி போடும் தட்டு வெளியே வரவே மாட்டேன் என்றது. அதன் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஊக்கை நிமிர்த்தி அதில் குத்தினால் வெளியே வரும் என்று அவர் சைகையில் காட்டினார். வந்தது. உள்ளே தூசி அப்பியிருந்தது. பஞ்சில் துடைத்தோம். முதல் சிடி ஓடியது, இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதுதான் முனகியது.

முனகினாலும் படம் வந்தது. சாப்பாட்டுப் பந்தி, கார், காவிரிக் கரையோரம் வாழைத்தோப்பு, ஜீயபுரம் வீடு. நாத்தனார் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அவர் சிரித்தார், நிமிர்ந்தார், வாயைத் திறந்தார். அவ்வளவுதான், படம் சதுரம் சதுரமாக உடைந்துபோனது. அவர் கழுத்தும் மோவாயும் பச்சையும் ரோஸுமாகக் கலங்கி, வாய் திறந்தபடி நின்றுவிட்டது. க்ர்ர் க்ர்ர் என்று ஒரு சத்தம். கீழே பார்த்தேன். நாற்பத்தொன்பதாவது நிமிடம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"விடு. நாளைக்குப் பொறுமையாப் பாக்கலாம்" என்றார். காற்றுதான் வந்தது.

"நீங்க பேசாதீங்க. தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரில்ல?" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு சிடியை வெளியே எடுத்தேன்.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு கம்ப்யூட்டரும் இந்த சிடிப் பெட்டியும் உட்காரும். சிடியின் மேல் பக்கம் நாங்கள் இருவரும் மாலையோடு நிற்கும் போட்டோ ஸ்டிக்கர். ஒவ்வொரு வருஷமும் அதில் எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பேன். பளபளவென்று இருக்கும் அடிப்பக்கத்தை விரலால்கூடத் தொட மாட்டேன், அங்கேதான் படம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இப்போது பார்த்தால் பத்துப் பதினைந்து வருஷத்துச் சந்தனம் காய்ந்து கட்டியாக, விளிம்போரம் இரண்டு மேடு தட்டியிருந்தது. இந்தக் கனத்தால்தான் சிடி ஆடுகிறது, ஆடுவதால்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. பெரிய இன்ஜினியர் நான்!

அவர் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். எனக்கா பொறுமை? நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. தேங்காய் கீறும் கத்தி முனையால் சுரண்டினேன். சந்தனம் பெயர்ந்தது, கூடவே ஸ்டிக்கரும், ஸ்டிக்கரோடு வெள்ளிக் காகிதம் மாதிரி ஏதோ ஒன்றும் பொடிப்பொடியாகக் கொட்டியது. ஊதிவிட்டு மறுபடி போட்டேன். இந்தமுறை முப்பத்தொன்றாவது நிமிடத்தில் நின்றது. பந்தியில் யாரோ பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் போட்டேன். பன்னிரண்டாவது நிமிடம். அதற்கு மறுநாள், 'சிடியைச் செருகவும்' என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. சிடி உள்ளேதான் இருக்கிறது. சுற்றுகிற சத்தம் கேட்கிறது. ஆனாலும் அதற்கு அங்கே ஒன்றும் இல்லையாம்.

அவரிடம் கோவிலுக்கு என்று பொய் சொல்லிவிட்டு, சிடியைப் புடவைத் துண்டில் சுற்றி, காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயசு இருக்கும். மூன்று மெஷினில் போட்டுப் பார்த்தார். பிறகு சிடியை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதன் வழியாக வெளிச்சம் வந்தது. சல்லடை மாதிரி ஓட்டை.

"இத யாருங்க சுரண்டினது?"

"ஏன்? மேல் பக்கந்தானே? அடியில ஒரு கீறல்கூட இல்லியே."

"அங்கதாங்க எல்லாரும் ஏமாறுவாங்க. அடிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக்கு. கீறல் விழுந்தாக்கூடத் தேச்சு எடுத்துடலாம். படம் எல்லாம் இந்த ஸ்டிக்கருக்குக் கீழதாங்க ஒட்டியிருக்கு, மெல்லிசா. படம் நடுவுல ஆரம்பிச்சு விளிம்புல முடியும். கடைசி சீனெல்லாம் விளிம்புலதான். நீங்க சுரண்டினதும் விளிம்புல. அது உரிஞ்சுக்கிட்டே உள்ள வந்திருக்கு."

"ஏதாவது பண்ணுங்களேன்."

"இல்லாததை எப்படிங்க படிக்கிறது? மொதல்லயே கொண்டுவந்திருந்தா எடுத்திருக்கலாம்" என்றார். இதையே ஐந்து நாள் முன்பு ஆஸ்பத்திரியில் இன்னொருவர் வேறொன்றைப் பற்றிச் சொல்லியிருந்தார். சந்தில் நடந்து வரும்போது என் தலையில் நானே நங்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நாத்தனார் ஞாபகம் வந்தது. அவளுக்கும் ஒரு செட் கொடுத்திருந்தோம்! அங்கேயே நின்று போன் பண்ணினேன்.

"அந்த சிடியா அண்ணி? இருக்கே" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வயல்ல கட்டியிருக்கோம். குருவி வராம இருக்கணும்ல? எல்லா சிடியையும் சேத்துக் கட்டிட்டோம்."

பஸ் பிடித்து ஜீயபுரம் போனேன். கதிர் வைத்த வயலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, பத்து இருபது சிடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் சுற்றிச் சுற்றிக் கண்ணில் வெயிலை அடித்தன. ஒரு குருவி இல்லை. அவ்வளவு பெரிய வயலில் ஒரு சத்தம் இல்லை. வரப்பில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். எங்களுடையதைக் கண்டுபிடித்துவிட்டேன், ஓரத்தில் கொஞ்சம் ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது, என் மாலையின் ஒரு துண்டு. மற்றபடி வெயிலிலும் மழையிலும் வெளுத்து, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பக்கம் நெல் தெரிந்தது. நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். நாத்தனார் பயந்துபோய், "அண்ணனுக்கு ஏதும் ஆகாது அண்ணி" என்று முதுகைத் தடவினாள். இந்த அழுகை எதற்கு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு சமயபுரம் போய் அம்மனுக்கு வெள்ளித் தகட்டில் உரு வாங்கிப் போடலாம் என்று நினைத்தேன். வாசல் கடையில் கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது. "தொண்டை தனியா வராதும்மா, முழு ஆள் வாங்கிக்கிங்க" என்றாள் கடைக்காரி. முழு ஆளையே வாங்கிப் போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், இப்போதாவது போனில் அவர் குரலைப் பிடித்து வைத்தால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. சீச்சீ, அம்மனிடம் சொல்லிவிட்டு வந்த வாயோடு என்ன நினைப்பு என்று அதை விரட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்று காலையில் கவுன்ட்டரில் நல்ல கூட்டம். ஒரு பெண் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள். அவர் ஆதார் கார்டு எங்கே என்று நான் பைக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். துண்டு, பிளாஸ்க், ஸ்கேன் கவர், போன். எல்லாம் கையில் அகப்பட்டது, கார்டு மட்டும் அகப்படவில்லை.

"கூட இருக்கப்போறது யாருங்க? பேரு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவர் சொன்னார். கரகரத்த, பாதிக் காற்றுக் குரலில், ஆனால் சொன்னார். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நான் பைக்குள்ளிருந்தே வெடித்தேன்.

"பேசாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? நான் இங்கதானே நிக்கிறேன்? நான் சொல்ல மாட்டேனா?"

அவர் வாய் அப்படியே நின்றது, திறந்தபடி. பிறகு மூடிக்கொண்டார். நானே என் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் கதவு மூடி, மேலே ஏறும் நம்பர் மாறியபோதுதான், அவர் சொன்னது எது என்று எனக்கு உறைத்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்று நான் ஐயோ என்று சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அது சகஜம்.

அன்று மாலை அவரைப் பார்க்க விட்டபோது, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க என் வாய் வரை வந்தது. போன்கூடக் கையில்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "பேச வைக்காதீங்கம்மா" என்றாள். சரி என்றேன்.

அவர் நன்றாக இருக்கிறார், உயிருக்கு ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒரு சின்னத் துவாரம், அதன் வழியாக மூச்சு. கடைக்குப் போவதில்லை. பெண் ஒரு ஸ்லேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள், அதில் எழுதிக் காட்டுவார். நான் அடுக்களையில் இருந்தால் கூடத்திலிருந்து இரண்டு தரம் கை தட்டுவார். இருபத்து மூன்று வருஷம் 'இந்தா'. இப்போது இரண்டு கைதட்டல். நான் உடனே போய்விடுவேன்.